புது நாடகம் பூத்த சபை: பம்மல் சம்பந்த முதலியார்

நாடக மன்றப் பொறுப்பாசிரியர், தமிழ்த்துறை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். இயற்றமிழுக்குப் பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு, பட்டமும் உண்டு. இசைத்தமிழுக்குத் தனிக் கல்லூரிகள் உண்டு. நாடகத் தமிழோ நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு மாலை, ஆண்டுவிழா மேடையில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிறது.

நம் நாடக மன்றத்தின் பொறுப்பை நான் ஏற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, எந்த நாடகத்தைப் போடலாம் என்பதே. எந்த நாடகத்தை எழுதலாம் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அத்தூரத்தைத் தம் பதினெட்டாம் வயதில் நண்பர் சிலருடன் கடக்கத் துணிந்தவர் பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார். தமிழ் நாடகத் தந்தை என்று அவரைப் பாடநூல்கள் குறிக்கின்றன. அப்பட்டத்தை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் பெறுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை அறிந்தால் அது நம் மன்றத்துக்கே வழிகாட்டியாகும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

காலமும் களமும்

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் பிறந்தார். பம்மல் என்பது அந்நாளில் பல்லாவரத்தை அடுத்த சிற்றூர். அவர் குடும்பத்தின் பூர்வீகம். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர்; நூல்களின் மீது தீராத பற்றுடையவர். அதனால் வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. அன்னையார் மாணிக்கவேலு அம்மாள் புராண இதிகாசக் கதைகளைச் சொல்லி மகனை வளர்த்தார். தந்தையின் நூல்களும் தாயின் கதைகளும் பின்னாளில் நாடகங்களாக விளைந்தன என்று கூறினால் அது மிகையாகாது.

ஆனால் இளமையில் அவருக்குத் தமிழ் நாடகத்தின் மீது மதிப்பே இருந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்நாளில் நாடகம் என்பது இரவு தொடங்கி விடியும்வரை நடப்பது. பாட்டுக்கு மேல் பாட்டு. இடையிடையே கதையோடு ஒட்டாமல் கோமாளியின் வரவு. உரைநடைப் பேச்சு என்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடிகர் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்வது. நடிகரைக் கூத்தாடி என்று இழித்துப் பேசிய காலம் அது. ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்த ஊரே மறுநாள் ஆடியவரைத் திண்ணையில் சமமாக உட்கார வைக்கத் தயங்கியது. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் ஒருவர் மேடை ஏறுவது குடும்பத்துக்கே இழுக்கு என்று கருதப்பட்டது.

புலவர்கள் நாடகம் எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது 1891இல். அது கற்போர் படித்துச் சுவைத்தற்குரிய கவிதை நாடகம். மேடையில் நாடகம் நடந்தது. ஏட்டில் நாடகம் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

பெல்லாரியிலிருந்து வந்தவர்கள்

அதே 1891ஆம் ஆண்டில் பெல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்னும் குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தினர். அக்குழுவின் தலைவர் கிருஷ்ணமாச்சார்லு ஒரு வழக்கறிஞர். அவர் வாழ்ந்தது தம் தொழிலால். நாடகம் அவருக்கு உள்ளத்தின் விழைவு. அவருடன் மேடை ஏறியவர்களும் கற்றோரே. நாடகத்தை அவரே எழுதினார், அவரே நடித்தார்.

இதைக் கண்ட சம்பந்தம் அப்போது கல்லூரி மாணவர். அவர் உள்ளத்தில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. கற்றவர்கள் கௌரவம் குறையாமல் நடிக்கலாம் என்பது ஒன்று. தாங்கள் நடிக்க வேண்டிய நாடகத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது செய்தியை வரலாறு எழுதுவோர் எல்லாரும் குறிப்பிடுகின்றனர். இரண்டாவதுதான் எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

அந்த ஆண்டு ஜூலைத் திங்களில், விரல்விட்டு எண்ணத்தக்க நண்பர்கள் சிலர் கூடிச் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தனர். சபை என்றால் பெரிய கட்டடத்தை எண்ணிக்கொள்ள வேண்டா. கட்டடம் இல்லை, பணம் இல்லை, படுதா இல்லை, உடுப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நடிக்க நாடகமும் இல்லை. வழக்கிலிருந்தவை பாட்டு நாடகங்கள். இசைப் பயிற்சி இல்லாத மாணவர்களால் அவற்றை ஆட முடியாது. ஆடினாலும் தொழில்முறைக் கம்பெனிகளின் ராஜபார்ட்டுகளுக்கு முன்னே நிற்க முடியாது. ஆகவே உரைநடையில் புதிதாக ஒன்றை எழுதியே தீரவேண்டும் என்ற நெருக்கடி பிறந்தது. எழுதும் பொறுப்பு சம்பந்தத்தின் தலையில் விழுந்தது.

தமிழில் உரைநடை நாடகம் ஓங்கி வளர்ந்ததற்கு அவர் மேதைமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் நண்பர்கள் சிலருக்குப் பாடத் தெரியாமற் போனதும் ஒரு காரணமே. தங்களிடம் இல்லாததை நினைத்து வருந்தாமல், இருப்பதைக் கொண்டு எதைச் செய்யலாம் என்று அவர்கள் கேட்டார்கள். அக்கேள்வியிலிருந்து ஓர் இலக்கிய வகை வளர்ந்தது.

ஆளுக்கேற்ற பாத்திரம்

முதல் நாடகமாக 'புஷ்பவல்லி' உருவாகி, 1893இல் விக்டோரியா நகர மண்டபத்தில் அரங்கேறியது. சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை அடுத்து, செங்கற் சிவப்பில் நிற்கும் அந்த மண்டபத்தைச் சென்னை சென்ற மாணவர்கள் பார்த்திருப்பீர்கள். சபை தொடங்கியது 1891இல். முதல் அரங்கேற்றம் 1893இல். இடைப்பட்ட காலம் வீணாகவில்லை. எழுதுதல், கூடிப் படித்தல், ஒத்திகை பார்த்தல், பிழை கண்டு மாற்றுதல் என்பன அக்காலத்தில்தான் சபைக்குப் பழக்கமாயின. விழாவுக்குப் பத்து நாள் முன்னர் ஒத்திகை தொடங்கும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலியார் நாடகம் எழுதிய முறை தனித்தன்மை வாய்ந்தது. கதையை முடிவு செய்து, பாத்திரங்களை எழுதி, பின்னர் அவற்றுக்கு ஆள் தேடுவது பலர் வழக்கம். முதலியாரோ சபையில் இருக்கும் உறுப்பினர்களை மனத்தில் நிறுத்திக்கொண்டே எழுதினார். இன்னாருக்கு உயரம் உண்டு, கம்பீரம் உண்டு. இன்னாருக்குக் குரல் மென்மை. இன்னாருக்கு நகைச்சுவை இயல்பாக வரும். இன்னார் நீண்ட வசனத்தைத் தாங்கமாட்டார் என்று ஒவ்வொருவரையும் அளந்து வைத்திருந்தார். பாத்திரம் நடிகருக்காகத் தைத்த சட்டை போல் அமைந்தது.

இம்முறையின் சிறந்த விளைவு சி. ரங்கவடிவேலு என்னும் இளைஞர். பெண்கள் சபை மேடையில் நடிக்காத அந்நாளில், நாயகி வேடங்களை ஏற்றவர் இவர். இவர் சபையில் சேர்ந்தபின் முதலியாரின் நாடகங்களில் நாயகிப் பாத்திரங்கள் ஆழமும் அழுத்தமும் பெற்றன. நாயகனாக முதலியாரும் நாயகியாக ரங்கவடிவேலுவும் நடித்த காட்சிகளுக்கென்றே கூட்டம் கூடியது. மேடைக்கு வெளியிலும் இருவரும் உயிர் நண்பர்கள். ரங்கவடிவேலு நடுவயதிலேயே மறைந்தது முதலியாருக்கு ஆறாத துயரமாயிற்று. தம் நினைவு நூலில் அந்த நண்பரைப் பற்றி எழுதும் பக்கங்களில், நாடக ஆசிரியர் மறைந்து நட்பை இழந்த மனிதர் ஒருவரே தெரிகிறார்.

ஆளைப் பார்த்து எழுதுவதன் பயனைச் சில ஆண்டுகளுக்கு முன் நம் மன்றத்திலும் நான் கண்டேன். ஏரி தூர்ந்துபோன ஓர் ஊரைப் பற்றி மாணவர்களே நாடகம் எழுதினர். வேதியியல் மாணவர் ஒருவர் நடிக்க ஆசைப்பட்டு வந்தார். நான்கு வரிக்கு மேல் அவருக்கு வசனம் மனத்தில் நிற்காது. ஆனால் அவர் நடையும் நிற்கும் பாங்கும் வயற்காட்டில் வளர்ந்தவர் என்பதை உடனே காட்டிவிடும். எழுதியவர்கள் யோசித்து, வாயே திறக்காத ஒரு நீர்பாய்ச்சியின் பாத்திரத்தை அவருக்காகச் சேர்த்தனர். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வருவார், வறண்ட மதகைக் குனிந்து பார்ப்பார், போய்விடுவார். மூன்று முறை இப்படி வந்து போனார். மூன்றாவது முறை அரங்கில் விசில் இல்லை, பேச்சு இல்லை. அந்தப் பாத்திரம் முதலில் எழுதிய படியில் இருக்கவே இல்லை. அம்மாணவர் வந்து கதவருகே நின்றதால் அது பிறந்தது.

மனோகரன் எழுந்த கதை

1895இல் 'லீலாவதி சுலோசனா', 'மனோகரா' ஆகிய நாடகங்கள் சபையின் மேடை ஏறின. அப்போது ஆசிரியருக்கு வயது 22. 'மனோகரா' தமிழ் நாடக உலகையே ஆட்கொண்டது. பட்டத்தரசி பத்மாவதியை மறந்து, வசந்தசேனை என்னும் வஞ்சகியிடம் மயங்கிக் கிடக்கிறான் மன்னன் புருஷோத்தமன். தாய்க்கு நேர்ந்த இழிவைக் கண்டு கொதிக்கிறான் மகன் மனோகரன். ஆனால் தாய்க்கு அவன் கொடுத்த வாக்கு அவன் கையைக் கட்டுகிறது. வீரம் இருந்தும் செயல்பட முடியாத இந்நிலைதான் நாடகத்தின் உயிர். இறுதியில் தாயின் ஆணை கிடைத்ததும் மனோகரன் சங்கிலிகளை அறுத்தெறியும் காட்சி பல தலைமுறை நடிகர்களுக்கு உரைகல்லாக அமைந்தது.

இக்கதையில் பாடிக்கொண்டே சண்டையிடும் மன்னர் இல்லை. நாடகம் அங்கங்களாகவும் காட்சிகளாகவும் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு காட்சியும் கதையை ஓரடி முன்னே தள்ளியது. வசந்தசேனையின் அசட்டு மகன் வசந்தன் சிரிக்க வைத்தான். ஆனால் அவன் கதைக்குள்ளிருந்து சிரிக்க வைத்தான். எங்கிருந்தோ வந்து போகும் பழைய கோமாளிக்கும் அவனுக்கும் உள்ள வேற்றுமையைச் சிந்தித்தால் முதலியார் செய்த சீர்திருத்தம் விளங்கும். விடிய விடிய நடந்த ஆட்டம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. குறித்த நேரத்தில் திரை உயர்ந்தது. அலுவலகம் செல்வோரும் மாணவர்களும் பார்த்துவிட்டு வீடு திரும்பித் தூங்கி, மறுநாள் வேலைக்குப் போக முடிந்தது.

ஒத்திகையில் முதலியார் கண்டிப்பானவர். சபையில் அவருக்குத் தமிழ்க் கண்டக்டர் என்று பெயர். இன்று இயக்குநர் என்று நாம் வழங்கும் பணி அது. வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் நிறைந்த அச்சபையில் ஒத்திகைக்கு வந்துவிட்டால் அனைவரும் சமம். பின்னாளில் நாடறிந்த அரசியல் தலைவராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தி 'மனோகரா'வில் வேடம் புனைந்தார். வழக்கறிஞர் வி. சி. கோபாலரத்தினம் சபையின் புகழ்பெற்ற நடிகர்களுள் ஒருவர். இத்தகையோர் அரிதாரம் பூசி மேடை ஏறியபின், நாடகம் ஆடுவது இழிதொழில் என்று கூற எவருக்கும் நா எழவில்லை.

கடல் கடந்த கதைகள்

சபை வளர வளரப் புது நாடகத்தின் தேவையும் வளர்ந்தது. பார்த்ததையே பார்க்க நகரத்து மக்கள் திரும்பத் திரும்ப வரமாட்டார்கள். எனவே முதலியார் பல ஊற்றுகளைத் தேடினார். புராணத்திலிருந்து 'யயாதி', 'மார்க்கண்டேயர்', 'காலவ ரிஷி' பிறந்தன. வடமொழியிலிருந்து 'ரத்னாவளி' வந்தது. பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியரின் நாடகம் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆயிற்று.

ஷேக்ஸ்பியரை அவர் தமிழாக்கிய திறம் தனியே ஆராயத்தக்கது. ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். சிம்பலின் 'சிம்ஹளநாதன்' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். மூலப் பெயரின் ஓசையும் நிற்கிறது. நம் மண்ணின் பெயராகவும் ஒலிக்கிறது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்திருந்தால் புலவர்கள் பாராட்டியிருப்பர். மேடையில் நடிகன் நாக்குத் தடுமாறியிருக்கும். வாயால் சொல்லிப் பார்த்து வசதியாக இருப்பதையே அவர் வைத்துக்கொண்டார் என்பது படிக்கும்போதே புலப்படுகிறது. 'அமலாதித்யன்' நாடகத்தில் தலைமைப் பாத்திரத்தை அவரே ஏற்றார்.

சபை தமிழோடு நிற்கவில்லை. தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் நாடகங்கள் நடத்தியது. கடல் கடந்து இலங்கைக்கும் சென்றது. யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரைத் தம் குருவாகப் போற்றி, இலங்கையில் புதிய நாடக இயக்கத்துக்கு வித்திட்டார். ஒரு சபையைக் கண்டு மற்றொரு சபை பிறப்பது நாடகத்துக்கே உரிய வம்சாவளி. பெல்லாரியைக் கண்டு சென்னை. சென்னையைக் கண்டு இலங்கை.

சிரிக்கவும் சிந்திக்கவும்

முதலியாரின் நகைச்சுவையைக் குறிப்பிடாமல் விட்டால் இக்கட்டுரை குறையுடையதாகும். 'சபாபதி' நாடகத்தில் எசமானனுக்கும் பெயர் சபாபதி. வேலைக்காரனுக்கும் பெயர் சபாபதி. இருவரும் அசடுகள். எவர் பெரிய அசடு என்பதே நாடகம். 1941இல் இது திரைப்படமாகி, டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் நடித்ததை இன்றும் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிக்கிறோம்.

'சந்திரஹரி' இன்னும் துணிவானது. உண்மையே பேசும் அரிச்சந்திரனின் கதை மேடையெங்கும் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார் முதலியார். பெயரையே திருப்பிப் போட்டார். சந்திரஹரி பொய்யே பேசும் மன்னன். எத்தனை துன்பம் வந்தாலும் ஓர் உண்மைகூடச் சொல்லமாட்டேன் என்று விரதம் காக்கிறான். அரிச்சந்திரன் கதையை ஊரே மனப்பாடமாக அறிந்திருந்ததால்தான் இந்தக் கேலி பலித்தது. பார்ப்போருக்கு எது தெரியும் என்று அறிந்து எழுதுபவனுக்கே இது கைவரும்.

எழுதியவனுக்கும் பங்கு உண்டு

அந்நாளில் நாடகம் எழுதியவருக்குப் பெயரும் இல்லை; பொருளும் இல்லை. ஒருவர் எழுதியதை மற்றொரு கம்பெனி எடுத்துக்கொள்ளும், நான்கு பாட்டைச் சேர்க்கும், இரண்டு காட்சியை வெட்டும், கேட்பார் இல்லை. சட்டம் பயின்ற முதலியார் இதை மாற்ற முனைந்தார். தம் நாடகங்களை அச்சிட்டு வெளியிட்டார். நடிக்க விரும்புவோர் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், உரிய தொகை செலுத்த வேண்டும் என்று விதித்தார். இதனால் சிலருக்கு அவர் மீது மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனால் நாடக ஆசிரியன் என்று ஒருவன் இருக்கிறான், அவன் உழைப்புக்கு விலை உண்டு என்பதைத் தமிழ் மேடை அறிந்துகொண்டது.

தொழில்முறைக் குழுக்களும் அவர் நாடகங்களை விரும்பி நடத்தின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தோற்றுவித்த பாலர் குழுவில் வளர்ந்த டி. கே. எஸ். சகோதரர்களும் 'மனோகரா'வை நடத்திப் புகழ் பெற்றனர். அப்பிள்ளைகளுக்கு முதலியார் நேரில் பயிற்சி அளித்தார். சுவாமிகளையும் முதலியாரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவோர் உண்டு. ஒருவர் பாட்டுக்கு, மற்றவர் உரைநடைக்கு. ஒருவர் தொழில்முறைக்கு, மற்றவர் பயில்முறைக்கு என்பர். எனக்கு அவர்களிடையே உள்ள ஒற்றுமையே பெரிதாகத் தெரிகிறது. இருவரும் தம் முன்னே நின்ற நடிகரின் முகத்தைப் பார்த்து எழுதியவர்கள்.

வாழ்வின் மறுபக்கம்

இத்தனையும் செய்தவர் முழுநேர நாடகக்காரர் அல்லர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதியது பிழைப்புக்கான தொழில் போக எஞ்சிய நேரத்தில். பாடம் படிக்கவே நேரம் போதவில்லை என்று சொல்லும் மாணவர்க்கும், விடைத்தாள் திருத்தவே நேரம் போதவில்லை என்று சொல்லும் ஆசிரியர்க்கும் இது ஒருங்கே விடையாகும்.

ஓய்வு பெற்றபின் அவர் தம் அனுபவங்களைச் 'சுதேசமித்திரன்' இதழில் தொடராக எழுதினார். அவை 'நாடகமேடை நினைவுகள்' என்ற பெயரில் ஆறு பாகங்களாக வெளிவந்தன. தமிழில் நாடகம் பயில விரும்புவோர் படிக்கவேண்டிய முதல் நூல் அதுவே. வெற்றியை மட்டும் அதில் அவர் பேசவில்லை. நடிகர் வராமற் போனது, பணம் நட்டமானது, மேடையில் வசனம் மறந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறார். பேசும்படம் வந்தபின் அதிலும் ஈடுபட்டார். 'மனோகரா' 1936இல் படமானபோது அதில் அவரே நடித்தார். 1954இல் மீண்டும் படமாகி, சிவாஜி கணேசனின் நடிப்பாலும் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தாலும் தமிழகமெங்கும் முழங்கியது. இந்திய அரசு 1959இல் பத்மபூஷண் விருது அளித்தது. அதே ஆண்டில் சங்கீத நாடக அகாதமி விருதும் கிடைத்தது. 1964 செப்டம்பர் 24ஆம் நாள், 91ஆம் வயதில் அவர் மறைந்தார்.

குறையும் உண்டு

பெரியோர் வரலாற்றை எழுதும்போது நிறையை மட்டும் அடுக்குவது நம் வழக்கம். அது அவருக்கும் பெருமை சேர்க்காது. முதலியாரின் நடையில் வடசொற்கள் மிகுதி. இன்றைய மாணவர் தடுக்கி விழும் இடங்கள் பல. சபை பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற ஆடவரின் சபை. பாலாமணி அம்மையார் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திப் புகழ்பெற்றிருந்த காலத்திலும், சுகுண விலாச சபையின் மேடையில் பெண் வேடத்தை ஆணே புனைந்தார். கூத்தாடி என்ற இழிசொல்லைக் கற்றவர் மீது படாமல் சபை துடைத்தது. காலங்காலமாக அச்சொல்லைச் சுமந்த தொழில் நடிகர் மீதிருந்து முழுமையாகத் துடைக்க அதனால் இயலவில்லை. இவற்றையும் சேர்த்தே அவரை நாம் ஏற்க வேண்டும்.

மற்றொன்று அவர் குறையன்று. அவர் சபையின் வரலாறு. சபைக்கு அண்ணாசாலையில் இடம் கிடைத்தது, கட்டடம் எழுந்தது, உறுப்பினர் பெருகினர். விளையாட்டும் பொழுதுபோக்கும் சேர்ந்தன. 1931இல் தமிழ் பேசும்படம் பிறந்தபின் மக்கள் கூட்டம் கொட்டகைகளை நோக்கித் திரும்பியது. நாளடைவில் நாடகம் பின்தங்கி, மன்றம் ஒரு மனமகிழ் மன்றமாக நிலைபெற்றது. கட்டடம் இல்லாதபோது நாடகம் இருந்தது. கட்டடம் வந்தபோது நாடகம் தளர்ந்தது. பழைய நாடகங்களைத் திரும்ப நடத்துவதால் மட்டும் ஒரு சபை உயிரோடு இருக்க முடியாது. தன் உறுப்பினருக்காகத் தானே எழுதிக்கொள்ளும் வரைதான் அது நாடக சபை.

நமக்கு என்ன?

நம் கல்லூரியிலும் இக்கேள்வி வந்து நிற்கிறது. ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலில் நாடகத்தின் நேரம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. ஒலிப்பதிவுப் பாட்டுக்கு ஆடுவது எளிது. திரைப்படக் காட்சிகளை ஒட்டிவைத்து நடிப்பது அதனினும் எளிது. வரும் ஆண்டில் நாடகமே வேண்டுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை கூறமாட்டேன். எங்கோ பார்த்ததை மீண்டும் காட்டுவதாக இருந்தால் நாடகம் தேவையில்லைதான்.

ஆனால் நம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்ப்போம். காலை முதற் பேருந்தில் முப்பது கல் தொலைவிலிருந்து வரும் மாணவியர் இருக்கின்றனர். தறிக்குழியில் உட்கார்ந்து எழுந்துவந்து வகுப்பில் அமர்வோர் இருக்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தோர் இருக்கின்றனர். இவர்கள் பேசும் தமிழ் எந்த அச்சிட்ட நாடகத்திலும் இல்லை. இவர்களுக்கேற்ற பாத்திரத்தை வெளியூர் ஆசிரியர் எவரும் எழுதித் தரப்போவதில்லை. 1891இல் அந்த இளைஞர்களிடம் இல்லாதவை எல்லாம் நம்மிடமும் இல்லை. அவர்களிடம் இருந்தது நம்மிடமும் இருக்கிறது. முதலியார் சபையில் இடம்பெறாத பெண்கள் நம் மன்றத்தில் பாதிக்கு மேல் இருக்கிறார்கள் என்பது நமக்குள்ள கூடுதல் வலிமை.

ஆகவே நாடக மன்றத்தின் சார்பில் ஓர் அழைப்பை விடுக்கிறேன். ஜூலைத் திங்கள் முதல் புதன்தோறும் மாலை மூன்றரை மணிக்குத் தமிழ்த்துறையின் கடைசி அறையில் கூடுவோம். எழுதத் தெரிந்தவர் வரலாம். எழுதத் தெரியாதவரும் வரலாம். முதல் மாதம் எவரும் நடிக்க வேண்டா. யார் யார் இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் போதும். கதை அதற்குப் பின் வரும். ஒத்திகையில் மாறும், மறுபடியும் மாறும். ஆண்டுவிழாவுக்குள் முடியாமற் போனால் அடுத்த ஆண்டுவிழா இருக்கிறது. புஷ்பவல்லிக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.